ரவுண்டானாவுக்கு அப்பால்

அத்தியாயம் 12

பட்டாணி உரித்துக்கொண்டே மாமியாரும் மருமகளும் ஒரு முடிவெடுத்தார்கள் அல்லவா? அந்த முடிவை மருமகள் டீமின் பொதுப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுத் துணி மடிக்கப் போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த ஒரு வரி என்ன பாடு படுத்தப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், இந்த வெள்ளிக்கிழமை காலையில் முணுமுணுவென்று பாட்டுப் பாடியபடி தலை வாரிக்கொண்டிருக்க மாட்டாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

பஸ்ஸில் ஏறினால் 'அடுத்த நிறுத்தம் இன்னது' என்று ஒரு குரல் சொல்லுமே, அதைத் தயாரிப்பதுதான் இந்த டீமின் வேலை. மருமகள்தான் தலைவி. எல்லோரும் அவளைக் கேப்டன் என்பார்கள். வரைபடம் பார்ப்பவருக்கு அட்சரேகை என்று பட்டப்பெயர், ஏனென்றால் டீக்கடை எங்கே என்று கேட்டாலும் அட்சரேகை தீர்க்கரேகையோடுதான் பதில் வரும். மென்பொருள் எழுதும் பெண் ராக்கோழி. நமக்குப் பொழுது விடிந்தால் அவளுக்குப் பொழுது சாயும். நாலாவது ஆள் குரலம்மா. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலுக்குச் சொந்தக்காரர். அதில் பெருமையும் கொஞ்சம் ஜாஸ்தி.

நாலு பேரும் நாலு ஊரில் இருந்துகொண்டு திரையில் கூடி வேலை பார்க்கிறார்கள். அப்படித்தான் அட்சரேகையும் ராக்கோழியும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் குரலம்மா இருப்பது கேப்டனுக்கு அடுத்த அறையில். கேப்டனின் மாமியாரே அவர்தான்.

இதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. பெயரை மறைத்துவிட்டுப் பல குரல்களைக் கேட்டு, "இந்தக் குரல்தான்" என்று தேர்ந்தெடுத்தவரே அட்சரேகைதான். அது யார் குரல் என்று தெரிந்தபோது கேப்டனுக்கு வாயடைத்துப்போனது. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இழுத்ததில் மாதங்கள் ஓடிவிட்டன. கூடத்தில் உட்கார்ந்து "வணக்கம் கேப்டன் மேடம்" என்று மாமியார் சொல்வதும், படுக்கையறையில் உட்கார்ந்து "வணக்கம் அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று மருமகள் விசாரிப்பதும் வழக்கமாகிவிட்டது. வாசலில் மணி அடித்தால் இரண்டு பேர் மைக்கிலும் சேர்ந்து கேட்கும். ராக்கோழி அதையும் ஒருமுறை சந்தேகமாகக் கேட்டுவிட்டாள்.

தலைவலி அதுவல்ல. ஒரே வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? பாத்திரம் துலக்கும்போது ஒரு முடிவு, துணி காயப்போடும்போது ஒரு முடிவு. முடிவு மட்டும் பொதுப் பக்கத்துக்குப் போகும். ஏன் என்பது சமையலறையிலேயே தங்கிவிடும். மறுநாள் அட்சரேகை பார்த்துவிட்டு, "இது எப்போ முடிவாச்சு? யார் யார் பேசினாங்க?" என்று கேட்பார். கேப்டன் மழுப்புவாள்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனிதர் போன வாரம் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை ட்ரயல் வரைக்கும் இருக்கேன் கேப்டன். அதுக்கப்புறம் வேற ஆள் பாத்துக்கங்க."

டீம் என்று ஒன்று உருவாகும் முன்பே, யாருமே நம்பாத காலத்தில், "நான் வரேன்" என்று சொன்ன முதல் ஆள் அவர். அவர் போனால் வரைபடம் மட்டும் போகாது, கேப்டனின் பாதித் தைரியமும் போய்விடும். எப்படியாவது அவரை இருக்க வைக்க வேண்டும். இன்று அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

* * *

"என்னங்க, குறுக்கே போகாதீங்க. கேமரா ஓடுது."

"நான் எப்படிப் போறது? கட்டில் அந்தப் பக்கம், அலமாரி இந்தப் பக்கம், நடுவுல உன் ஆபீஸ். என் சட்டையை எடுக்க உன் டீம்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"குனிஞ்சு போங்க."

கண்ணாடிக்கடைக்காரர் குனிந்தார். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்ட கணவர், சொந்த வீட்டில் நாலு காலில் தவழ்ந்து அலமாரியை அடைந்தார்.

"சாரோட முதுகு தெரியுது கேப்டன்" என்றாள் ராக்கோழி திரையில்.

அட்சரேகை சிரிக்கவில்லை. காலையிலேயே அவர் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தார்: 'மூன்று இடங்களில் சிறு திருத்தம் செய்திருக்கிறேன். போவதற்கு முன் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும்.' கேப்டன் அதில் 'போவதற்கு முன்' என்ற இடத்தைத் தாண்டவில்லை. கண் கலங்கிவிட்டது. என்ன திருத்தம் என்று பார்க்காமலேயே ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

கூடத்தில் மாமியார் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இன்னைக்கு நீங்க பேசவே போறதில்ல. பஸ்ல பேசறது ரெக்கார்டிங். நீங்க சும்மா உட்கார்ந்து போன்ல காட்டினா போதும்."

"எனக்குத் தெரியும்மா. என் தொண்டைக்குத் தெரியாதே."

* * *

ட்ரயலுக்கான பஸ், வழக்கமான பயணிகளோடு கிளம்பியது. நாலாவது வரிசையில் ஜன்னலோரம் மாமியார். பக்கத்தில் போக்குவரத்துத் துறையின் மேற்பார்வையாளர் அம்மாள், மடியில் கோப்பு, முகத்தில் சிரிப்புக்கான அறிகுறியே இல்லை. மாமியார் கையில் இருந்த போனில் மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த நிறுத்தம், நூலகம்" என்றது ஒலிபெருக்கி. மாமியாரின் உதடுகளும் கூடவே அசைந்தன.

முன் வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பி, "நல்லா இருக்குல்ல இந்தக் குரல்?" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் மாமியார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

நூலகம், சந்தை, நீதிமன்றம் எல்லாம் அந்தந்த இடத்தில் சரியாக வந்தன. ராக்கோழி கை தட்டினாள். பஸ் பாலத்தில் ஏறியது.

பஸ் அங்கேயே இருக்கட்டும். நாம் ஒரு நிமிடம் பட்டாணிக்குப் போய் வர வேண்டும்.

அன்றைக்குச் சமையலறையில் மூன்று பேர் இருந்தார்கள். பட்டாணியை உரிக்காமல் வாயில் போட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரர்தான் முதலில் சொன்னது. "எங்க கடைக்கு விளம்பரமே தேவையில்லம்மா. அந்த ரவுண்டானா ஒண்ணு போதும். ஆஸ்பத்திரி வந்துடுச்சுன்னு பஸ்ல எல்லாரும் முன்னாடியே எழுந்து நிப்பாங்க. பஸ் வளையும். ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க. கண்ணாடி உடையும். எதிர்ல நான் கடையைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"அடப்பாவி, சிரிச்சிக்கிட்டே சொல்றியே!" என்றார் அம்மா.

"சிரிக்கலம்மா. போன வாரம் ஒரு தாத்தா நெத்தியில ரத்தத்தோட வந்தாரு. மனசே ஆறல."

எல்லா நிறுத்தங்களுக்கும் அறிவிப்பு கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும், அதுதான் விதி. மருத்துவமனைக்கு மட்டும் பஸ் வளைந்து முடித்த பிறகு வரட்டும் என்று மூவரும் முடிவுசெய்தார்கள். கேப்டன் எழுதியது இவ்வளவுதான்: 'மருத்துவமனை: அறிவிப்பு ரவுண்டானாவுக்கு அப்பால்.'

ரவுண்டானா என்ற சொல் அட்சரேகைக்கு வரைபடத்தில் ஒரு வட்டம். தாத்தாவும் தெரியாது, ரத்தமும் தெரியாது. விதிக்கு மாறாக ஒரு நிறுத்தம் இருக்கிறது, கேப்டன் கை தவறி எழுதிவிட்டாள் என்று நினைத்து, போகிற போக்கில் ஒரு நல்லது செய்தார். அறிவிப்பைத் தூக்கிப் பாலத்தின் மேலேயே வைத்துவிட்டார்.

இனி பஸ்ஸை விடலாம்.

"அடுத்த நிறுத்தம், பொது மருத்துவமனை. இறங்குபவர்கள் தயாராக இருக்கவும்."

பாலத்தின் நடுவில் குரல் வந்ததும் மாமியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் எழுந்தார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள். எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒருவர், காலில் கட்டோடு ஒருவர். அரை பஸ் எழுந்து நின்றுவிட்டது. பஸ்ஸோ இறக்கத்தில் ரவுண்டானாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

மாமியார் யோசிக்கவில்லை. வருஷக்கணக்கில் ஒரு பஸ் நிலையத்தையே கட்டி மேய்த்த தொண்டை, வெந்நீர் குடித்துத் தயாராக இருந்தது.

"பயணிகளின் கவனத்திற்கு! அனைவரும் உடனே அமரவும். பேருந்து திரும்பப்போகிறது. திரும்பிய பிறகு எழுந்திருக்கவும்!"

எல்லோரும் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். அதே குரல், அதே இழுப்பு.

"இப்பத்தானே எழுந்திருன்னுச்சு?" என்று எக்ஸ்ரேக்காரர் முணுமுணுத்தார். ஆனால் உட்கார்ந்துவிட்டார். பெரியவரை யாரோ கைபிடித்து உட்கார வைத்தார்கள். அந்தக் குரல் சொன்னால் உட்காரத்தான் தோன்றும்.

எல்லோரையும் உட்காரச் சொன்ன மாமியார் மட்டும் பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அத்தை! நீங்க பிடிச்சுக்குங்க, அத்தை!" என்று போனிலிருந்து கேப்டன் அலறினாள்.

பஸ் வளைந்தது. மாமியார் மேற்பார்வையாளர் அம்மாளின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பஸ் நிமிர்ந்ததும் உட்கார்ந்தார். ஒருவர் கூட விழவில்லை.

இடுப்பில் இருந்த குழந்தை மாமியாரை நோக்கி விரலை நீட்டியது. "அம்மா, ஸ்பீக்கர் இங்க உக்காந்திருக்கு!"

பஸ்ஸே சிரித்தது. போனில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

"அத்தையா?" என்றாள் ராக்கோழி மெதுவாக.

போன் திரையில் அட்சரேகையின் முகம் தெரிந்த சதுரம் இருண்டுபோனது.

* * *

மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கியதும் மேற்பார்வையாளர் அம்மாள் தோளைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இப்படி ஆளே பஸ்ல வந்து கத்தறது உங்க திட்டத்துல இருக்கா?"

"திட்டத்துல இருக்கிறது வேறம்மா" என்று மாமியார் நடந்ததைச் சொன்னார். மருமகள், மகன், பட்டாணி எதையும் விடவில்லை.

கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகம் முதல்முறையாக இளகியது. "ட்ரயல் நல்லா போச்சுன்னே எழுதறேன். ஆனா இந்த ஒரு இடத்துல மட்டும் ஏன் இப்படின்னு எனக்கும் எழுதிக் குடுங்க. நாளைக்கு என் நாற்காலிக்கு வேற ஆள் வருவாங்க. அவங்களும் இதைத் தப்புன்னு நினைச்சு, சரி பண்றேன்னு ஆரம்பிச்சிடுவாங்க."

எதிர்க் கடை வாசலில் கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். "அம்மா! பஸ் முழுக்க உக்காந்துக்கிட்டே திரும்புச்சும்மா! இனிமே நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்!" அப்படியொரு சந்தோஷம் அந்த முகத்தில்.

வீட்டில் கேப்டன் சந்தோஷப்படவில்லை. இருண்ட சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அட்சரேகையை அழைத்தாள். நீண்ட நேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

"யாருக்காவது அடிபட்டிருந்தா?" என்றார் எடுத்ததும். "என் கையால வச்ச புள்ளி அது. அந்தப் பெரியவர் விழுந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் கேப்டன்? 'வளையும்போது விழறாங்க'ன்னு ரெண்டு வார்த்தை பக்கத்துல இருந்திருந்தா நான் தொட்டிருப்பேனா?"

"தொட்டிருக்க மாட்டீங்க. தப்பு முழுக்க என்னோடது." இந்த முறை அவள் மழுப்பவில்லை. "அத்தைதான் குரலம்மான்னு சொன்னா, வேண்டியவங்கன்னு சேர்த்துக்கிட்டேன்னு நினைப்பீங்களோன்னு பயந்தேன். அதை மறைக்கப்போய், எங்க பேசினோம், ஏன் பேசினோம்னு எல்லாத்தையும் மறைக்க வேண்டியதாயிடுச்சு."

"அந்தக் குரலைப் பொறுக்கினதே நான்தானே!"

"அதான் எனக்கு இன்னும் வெட்கமா இருக்கு."



"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என்னை ஒதுக்கிட்டு நீங்க தனியா மீட்டிங் போடறீங்கன்னு நினைச்சேன். என்ன தப்புப் பண்ணினேன்னு தினமும் யோசிப்பேன்."

"மீட்டிங்தான் அண்ணா. பட்டாணி உரிக்கிற மீட்டிங்." அவளையும் அறியாமல் அண்ணா என்று வந்துவிட்டது.

"அதுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கலாமே" என்றார் அவர். "நான் இங்க தனியா சமைச்சுத் தனியா சாப்பிடறவன்."

கேப்டன் எத்தனை மாதமாக அவரோடு வேலை பார்க்கிறாள்! உலகத்தில் எந்த இடத்தைக் கேட்டாலும் சொல்லிவிடும் மனிதர், எந்த அறையில் எப்படி இருக்கிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லையே.

"போகாதீங்க அண்ணா."

"ஒரு நிபந்தனை. எதை எழுதினாலும் ஏன்னு சேர்த்து எழுதணும். அதோட, அந்தச் சமையலறையில ஒரு போனை வச்சிடுங்க. நான் குறுக்கே பேசமாட்டேன். பேசறது காதுல விழுந்தா போதும்."

"இது ஒரு நிபந்தனை இல்ல, ரெண்டு" என்றாள் கேப்டன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

* * *

சாயங்காலம் சமையலறையில் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்றது ஒரு பழைய போன், பக்கத்தில் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கிண்ணம். ஒரு சதுரத்தில் அட்சரேகை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ராக்கோழி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. குறுக்கே பேசமாட்டேன் என்று சத்தியம் செய்த அட்சரேகை இதுவரை எட்டுப் பத்து விஷயம் பேசிவிட்டார். மாமியாரிடம் தன் பெயரை ஒருமுறை அறிவிப்பாகச் சொல்லச் சொல்லி, அதைப் பதிவும் செய்துகொண்டார்.

பொதுப் பக்கத்தில் மருத்துவமனை வரிக்குப் பக்கத்தில் இப்போது இப்படி இருந்தது: 'காரணம்: முன்கூட்டியே சொன்னால் எழுந்து நின்றுவிடுவார்கள். பஸ் திரும்பும்போது விழுவார்கள். சொன்னவர்: எதிர்க் கடைக் கண்ணாடிக்காரர். பேசிய இடம்: சமையலறை.'

தூறல் விழ ஆரம்பித்தது. "ஐயோ, மாடியில துணி!" என்று கேப்டன் ஓடினாள்.

அவள் அந்தப் பக்கம் போக, கடையை மூடிவிட்டு வந்த கண்ணாடிக்கடைக்காரர் இந்தப் பக்கம் நுழைந்தார். சர்க்கரை டப்பாவை அவர் பார்க்கவில்லை. அம்மாவின் காதருகே குனிந்தார்.

"அம்மா, நம்ம கடைக்கு மேல இருக்கிற அறை கிடைச்சாச்சு. சாவியே வாங்கிட்டேன். கதவு இருக்கு, பெரிய ஜன்னல் இருக்கு. இனிமே அவ நிம்மதியா உக்காந்து வேலை பார்க்கலாம், நானும் தவழ வேண்டாம். அவ பிறந்தநாள் வரைக்கும் மூச்சு விடாதே."

மாமியார் கண்ணால் டப்பாவைக் காட்டினார். மறுபடியும் காட்டினார்.

"கண்ணுக்கு என்னம்மா? பவர் ஏறிடுச்சா? நாளைக்குக் கடைக்கு வா, பார்க்கிறேன்."

"சார்" என்றது போன். "அந்த அறையோட அட்சரேகை, தீர்க்கரேகை கொஞ்சம் சொல்ல முடியுமா?"

மனிதர் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த சாவி எகிறியது. மாடிப்படியில் காலடிச் சத்தம். விழுந்த சாவியை எடுத்து எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்த இடத்தில் போட்டுவிட்டு, சுவரில் இல்லாத எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

கேப்டன் துணிக்குவியலோடு வந்தாள். அம்மாவும் மகனும் வாயே திறக்கவில்லை. போனிலும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மைக்கை அணைத்தார்கள்.

"என்ன இது? நான் வந்ததும் எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டீங்க. நான் இல்லாதப்ப என்ன முடிவாச்சு?"

அட்சரேகை மிகுந்த அக்கறையோடு வெங்காயத்தைப் பார்த்தார். ராக்கோழி வாயில் நுரையோடு கேமராவை விட்டே நகர்ந்தாள்.

மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பயணிகளின் கவனத்திற்கு. அடுத்த அறிவிப்பு சற்றுத் தாமதமாக வரும்."

"ஏன்னு சேர்த்துச் சொல்லணும்னு இன்னைக்குத்தானே பேசினோம் அத்தை?"

"திருப்பம் வருதும்மா" என்றார் மாமியார். "முதல்ல உக்காரு."

கேப்டன் எல்லோரையும் ஒருமுறை முறைத்துவிட்டு உட்கார்ந்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, மிச்சம் இருந்த பட்டாணியை உரிக்கலாம் என்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

கண்ணாடிக்கடைக்காரரின் முகம் வெளுத்தது. சாவி அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது.